கடிகாரம் அளப்பது எது, கணிப்பது எது: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு உடல்நல எண்கள் குறித்த விளக்கம்

டிஸ்கவரி என்ற காப்பீட்டு நிறுவனம் 1997-இல் தொடங்கிய வைட்டாலிட்டி திட்டம், நடைக்கும் ஓட்டத்துக்கும் உடற்பயிற்சிக்கும் புள்ளிகள் தந்து, அந்தப் புள்ளிகளுக்கு ஈடாகச் சலுகைகள் வழங்கும் வழக்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் பரவலாக்கியது. அதன் பிறகு வந்த கைக்கடிகாரங்கள், இதயத் துடிப்பில் தொடங்கி உறக்கம், மன அழுத்தம், உடலில் மிஞ்சியுள்ள ஆற்றல் என்று ஒரே திரையில் பத்துக்கும் மேற்பட்ட எண்களைக் காட்டுகின்றன. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் ஒருவர் இவற்றில் எதை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், எதைப் பார்த்துவிட்டு மறந்துவிடலாம் என்பது தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. எல்லா எண்களும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு திரையில் நிற்பதே குழப்பத்தின் மூல காரணம். அவற்றின் நம்பகத்தன்மை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறது.

மூன்று வகை எண்கள்

எந்த உடல்நல எண்ணையும் கீழ்க்காணும் மூன்றில் ஒன்றாக வகைப்படுத்தலாம்.

1. அளவீடு. ஒரு கருவி நேரடியாகப் பதிவு செய்வது. கையில் பட்டை கட்டி எடுக்கும் இரத்த அழுத்தம், நாடாவால் அளந்த இடுப்புச் சுற்றளவு, ஐந்து கிலோமீட்டரைக் கடக்க எடுத்த நேரம் ஆகியவை இவ்வகை.

2. கணிப்பு. அளந்த ஒன்றிலிருந்து சூத்திரத்தின் வழியே ஊகிப்பது. எரித்த கலோரி, விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு), உறக்கத்தின் நிலைகள், மின் தராசு காட்டும் கொழுப்பு விழுக்காடு ஆகியவை இதில் அடங்கும்.

3. மதிப்பெண். பல கணிப்புகளைச் சேர்த்து, நிறுவனம் வெளியிடாத ஒரு முறைப்படி நூற்றுக்கு இத்தனை என்று சுருக்குவது. ‘ஆற்றல்’, ‘தயார்நிலை’, ‘மீட்சி’ எனப்படுபவை எல்லாம் இவையே.

ஒரு வகையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பிழை சேர்ந்துகொண்டே போகும். கீழே வருவன யாவும் இந்த ஒரே காரணத்தின் விளைவுகள்.

ஒளியால் நாடி பார்த்தல்

கடிகாரத்தின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தம் பெருகுவதால் கூடுதல் ஒளி உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி கிடைக்கும். அமைதியாக உட்கார்ந்திருக்கையில் இம்முறை பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், கை வேகமாக அசைந்தாலும் அது தடுமாறும்.

ஆக்சிஜன் அளவுக்குச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. இங்கே கருமையான தோல் உடையோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் குறித்து 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. மருத்துவக் கருவியிலேயே இந்த நிலை என்றால், மணிக்கட்டில் எடுக்கும் எண்ணை மட்டும் நம்பி மூச்சுத் திணறலை அலட்சியம் செய்வது ஆபத்தானது.

உச்சத் துடிப்பு என்னும் அடித்தளம்

வைட்டாலிட்டி போன்ற நலத்திட்டங்களின் புள்ளிகளும் கடிகாரத்தின் ‘மிதமான’, ‘கடுமையான’ பயிற்சி வரையறைகளும் பெரும்பாலும் ஒருவருடைய உச்ச இதயத் துடிப்பில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கில் அமைகின்றன. அந்த உச்சத்தை யாரும் நேரில் அளப்பதில்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரமே பெரும்பாலும் கையாளப்படுகிறது. 1971-ஐ ஒட்டிப் பரவிய அந்தச் சூத்திரம், அதற்கெனத் திட்டமிட்டு நடத்திய ஆய்விலிருந்து வந்ததன்று. அன்று கிடைத்த பல தரவுகளின் நடுவே தோராயமாக இழுத்த கோடு அது. 2001-இல் தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் சூத்திரத்தை முன்வைத்தனர். எழுபது வயதினருக்குப் பழைய கணக்கு 150 என்றும் புதிய கணக்கு 159 என்றும் தருகின்றன. இரண்டுமே சராசரிகள்தாம். ஒரே வயதுடைய இருவரின் உண்மையான உச்சம் இருபது துடிப்புகள் வேறுபடுவது அரிதன்று.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். அறுபது வயதினருக்குப் பழைய சூத்திரப்படி உச்சம் 160. அதில் 70 விழுக்காடு 112. ஒருவருடைய உண்மையான உச்சம் 175 என்றால் 112 என்பது அவருக்கு 64 விழுக்காடே, இலகுவான நடை. இன்னொருவரின் உச்சம் 145 என்றால் அதே 112 அவருக்கு 77 விழுக்காடு, மூச்சு வாங்கும் உழைப்பு. இருவருக்கும் ஒரே புள்ளி கிடைக்கும்.

பீட்டா பிளாக்கர் வகை மருந்து உண்போரின் நிலை இன்னும் கவலைக்குரியது. அட்டெனலால், பைசோபிரலால், கார்வெடிலால் போன்ற இம்மருந்துகள் ஓய்விலும் உழைப்பிலும் இதயத் துடிப்பைக் குறைத்து வைக்கின்றன. அதுதான் அவற்றின் வேலை. இவர்கள் எவ்வளவு விரைவாக நடந்தாலும் கடிகாரம் கேட்கும் துடிப்பை எட்டமாட்டார்கள். எட்ட முயன்று உடலை வருத்தினால் கேடு விளையலாம், புள்ளிக்காக மருந்தைத் தவிர்த்தால் அதைவிடப் பெரிய கேடு. இவர்களுக்குப் பொருத்தமானது பேச்சுச் சோதனை: நடக்கும்போது பேச முடிந்து பாட முடியாமல் இருந்தால் அது மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை இப்படியே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கலோரியும் காலடியும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து விழுக்காட்டுக்குள் சரியாக இருந்தன. எரித்த கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு. அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது கடினம். 400 கலோரி எரிந்தது என்று திரையில் கண்டு, அதற்கு ஈடாகக் கூடுதலாக உண்பவர் எடை குறையாமல் திகைப்பதில் வியப்பில்லை.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியோடு பரவியது. மருத்துவ ஆய்வு தந்த எண் அன்று. அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய பெண்களிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. முழங்கால் வலியோடு நாலாயிரம் அடி நடக்கும் ஒரு பாட்டியிடம் அவர் இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை என்று கடிகாரம் சொல்வது நியாயமன்று.

உடற்தகுதியை உண்மையில் அளப்பது எப்படி

கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவே விஓ2 மேக்ஸ். ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று இதைக் குறிப்பர். ஏ.வி. ஹில் 1923-இல் விளக்கிய இக்கருத்து இன்றும் உடற்தகுதியின் முதன்மை அளவுகோலாக உள்ளது. ஆய்வகத்தில் முகமூடி அணிவித்து, ஓடுபொறியில் ஓடவிட்டு, மூச்சுக்காற்றைப் பகுப்பாய்ந்து அதை அளப்பார்கள். கடிகாரத்திடம் மூச்சுக்காற்று இல்லை. ஓடும் வேகத்தையும் அதற்கான துடிப்பையும் வயதையும் எடையையும் வைத்து அது ஊகிக்கிறது. உச்சத் துடிப்பை வயதுச் சூத்திரத்தால் அது எடுத்துக்கொண்டால், மேலே கண்ட பிழை அப்படியே இங்கேயும் வந்து சேரும்.

டர்பனில் வாழ்வோர்க்குப் பருவநிலையும் ஒரு காரணி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வெப்பமும் ஈரப்பதமும் உடலைக் குளிர்விக்கக் கூடுதல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பவைப்பதால், அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு உயரும். அந்தக் கூடுதல் துடிப்பைக் கருவி உடற்தகுதிக் குறைவாகப் படித்து விஓ2 மேக்ஸ் இறங்கிவிட்டதாகக் காட்டக்கூடும். ஜூன் மாதக் குளிரில் தானே ஏறியும் விடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்குச் சென்று ஓடினால், காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் அங்கும் எண் சரியும். உடல் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

கடிகாரம் இல்லாமலே செய்யக்கூடிய நேரடிச் சோதனைகள் உண்டு.

1. பன்னிரண்டு நிமிடச் சோதனை. கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் கடந்த தூரத்தை மீட்டரில் எழுதி, 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸின் மதிப்பீடு கிடைக்கும். 2,000 மீட்டருக்கு 33.4, 2,400 மீட்டருக்கு 42.4. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

2. ஒரே பாதையில் நேரம். டர்பன் நார்த் பீச் கடற்கரைப் பாதையில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் பார்க்ரன் இலவசமானது, ஐந்து கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாதது. ஒரே பாதை, ஒரே பருவம், ஒரே நேரம் என்று ஒப்பிட்டால் மாதங்களுக்கிடையேயான மாற்றம் எந்தச் சூத்திரமும் இன்றித் தெரியும்.

3. கைப்பிடி வலிமை. தென்னாப்பிரிக்கா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ப்யூர் ஆய்வில், கைப்பிடி வலிமை ஐந்து கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுவது தெரிந்தது. பிசியோதெரபிஸ்டுகள் பலரிடம் இதற்கான கருவி உண்டு. முப்பது நொடியில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்பதும் முதியோருக்குப் பயனுள்ள சோதனை.

‘ஆற்றல்’ மதிப்பெண்ணின் உட்புறம்

கார்மின் நிறுவனத்தின் பாடி பேட்டரி, வூப் பட்டையின் ரிகவரி போன்றவை இதயத் துடிப்பு வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டவை. அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எப்போதும் சமமாக இருப்பதில்லை. ஓய்வுக்குரிய நரம்புகள் நன்கு இயங்கும்போது இந்த வேறுபாடு கூடும். மது, காய்ச்சல், உறக்கமின்மை, மிகையான பயிற்சி ஆகியவற்றால் குறையும். இதுவரை அறிவியல் உறுதியாகவே நிற்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடுவதால், கணவனின் எண்ணை மனைவியின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒருவர் தம்முடைய பல வார சராசரியோடு மட்டும் ஒப்பிடலாம்.

உறக்கத்தின் நிலைகளை ஆய்வகத்தில் மூளையின் மின்னலைகளைக் கொண்டு பிரிப்பார்கள். மணிக்கட்டில் மூளையலை கிடைக்காது. அசைவையும் துடிப்பையும் வைத்துக் கருவி ஊகிக்கிறது. ஆகவே உறங்கிய மொத்த நேரம் ஓரளவு நம்பத்தக்கது. ‘ஆழ்ந்த உறக்கம் 41 நிமிடம்’ என்பது அவ்வாறன்று. நல்ல உறக்க எண் வேண்டும் என்ற கவலையாலேயே உறக்கம் கெட்டு வந்தவர்களை அமெரிக்க மருத்துவர்கள் 2017-இல் பதிவு செய்துள்ளனர்.

தொடர்ந்து வாரக்கணக்கில் சோர்வாக உணரும் ஒருவருக்கு மதிப்பெண் காரணம் சொல்லாது. இரத்தசோகை, தைராய்டு குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, கண்டறியப்படாத நீரிழிவு ஆகிய யாவும் ஒரே தாழ்ந்த எண்ணாகவே திரையில் தெரியும். அவற்றைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கேள்விகளுமே வேண்டும்.

கடிகாரம் அளக்காதவை

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவும் மாரடைப்பும் மிகுதி என்பது பல பத்தாண்டுகளாக டர்பன் மருத்துவர்கள் எழுதிவரும் உண்மை. நமக்கு முதன்மையாக வேண்டிய எண்கள் மணிக்கட்டுக்கு அப்பால் இருக்கின்றன.

முதலாவது இடுப்புச் சுற்றளவு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பிஎம்ஐ தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. யாஜ்னிக், யட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004-இல் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்கினர்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஆங்கிலேயரின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியருடையது 21.2 விழுக்காடு. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனத்துக்குரிய எல்லைகளாகச் சேர்த்தது. செயலிகள் பலவும் 25-ஐயே எல்லையாக வைத்து, 24 உள்ள தமிழரிடம் ‘இயல்பு’ என்று பச்சை வண்ணம் காட்டுகின்றன. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு தெற்காசியர்களுக்கு வகுத்த இடுப்பு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தையல் நாடா ஒன்று போதும்.

இரண்டாவது இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் அமர்ந்து, பாதம் தரையில் பதிய, கை இதய மட்டத்தில் இருக்க, சரியான அளவுள்ள பட்டையால் எடுக்க வேண்டும். மருத்துவரிடம் 140/90, வீட்டில் 135/85 என்பவை பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைகள்.

மூன்றாவது சர்க்கரை. தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அத்தகைய பொருளை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கே ஆபத்து. தோலுக்கடியில் மெல்லிய இழை செருகி அளக்கும் கருவிகள் வேறு வகை. அவை உண்மையான அளவீடுகள், இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கினாலும்.

அலகு பற்றிய குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலில் தருகின்றன; சென்னை உறவினரும் தமிழ் இதழ்களும் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் பேசுகின்றனர். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். நீரிழிவுக்கான வெறும் வயிற்று எல்லையான 7.0 என்பதும் 126 என்பதும் ஒன்றே. கொலஸ்டிராலுக்குப் பெருக்கும் எண் வேறு, 38.7, ஆகவே 5.0 என்ற கொலஸ்டிரால் ஏறத்தாழ 193. ஒன்றின் பெருக்கியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தித் தேவையற்ற அச்சம் கொள்வோர் உண்டு.

எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு. இரும்புச் சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தக்கூடும் என்பதால், பெண்கள் எச்பிஏ1சி-யையும் இரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

விரதமும் நெடுந்தூர ஓட்டமும்

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் தராசு முள் வேகமாக இறங்குவதைப் பலர் கொழுப்பு கரைந்ததாக எண்ணுகின்றனர். தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரோடு தங்கியிருக்கிறது. உணவு குறைந்ததும் அது செலவாகி, நீரும் வெளியேறி, ஒன்றரை கிலோ வரை எளிதில் குறையும். மீண்டும் உண்டதும் திரும்பி வரும். மின் தராசுகள் உடல் நீரின் மின்கடத்தலை வைத்தே கொழுப்பை ஊகிப்பதால், நீர் வற்றிய உடலில் கொழுப்பு கூடியதாகக்கூடக் காட்டலாம்.

இன்சுலினோ, கிளைகிளசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர் விரதத்தின்போது அளக்க வேண்டியது எடையை அன்று, சர்க்கரையை. 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் விரதத்தை அப்போதே முடிக்க வேண்டும். விரதம் தொடங்கும் முன்னரே மருந்தின் அளவு குறித்து மருத்துவரிடம் பேசிவிடுவதே முறை. புரட்டாசி முடிந்ததும் எடுக்கும் எச்பிஏ1சி-யில் பாதியளவு அந்த மாதத்தின் சர்க்கரையையே பிரதிபலிக்கும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடலாம்.

1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மராத்தான் இதற்கு எதிர்மறையான பாடம் ஒன்றைத் தந்தது. மிகையாக நீர் அருந்தி, இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் விவரித்தனர். ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருப்பதே அதன் அறிகுறி. இங்கே சாதாரணத் தராசுதான் உயிர்காக்கும் கருவி; கடிகாரத்தின் எந்த மதிப்பெண்ணும் இதைக் காட்டாது.

இந்த எண்கள் யாரிடம் போகின்றன

நடை குறைந்தால் மெடிக்கல் எய்டு எனப்படும் மருத்துவச் செலவுத் திட்டத்தின் கட்டணம் ஏறுமா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டப்படி, ஒரே திட்டத்தின் உறுப்பினர்களிடையே கட்டணம் வருமானத்தாலும் சார்ந்திருப்போரின் எண்ணிக்கையாலும் மட்டுமே வேறுபடலாம். உடல்நிலையை வைத்து வேறுபடுத்தக்கூடாது. நலத்திட்டங்கள் மெடிக்கல் எய்டிலிருந்து தனியாக நடத்தப்படுவதன் பின்னணி இதுவே. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே நலத்திட்ட நிலையோடு பிரீமியத்தைப் பிணைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. கையொப்பமிடும் முன் அந்தப் பத்தியைப் படிப்பது மிக அவசியம்.

ஊக்கத் திட்டங்களால் நன்மை இல்லை என்பதற்கில்லை. வைட்டாலிட்டி உறுப்பினர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் ஆராய்ந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் 2018 அறிக்கை, கடிகாரத்தோடு இணைந்த பரிசுத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் உடலுழைப்பு சராசரியாக 34 விழுக்காடு கூடியதாகக் கூறியது. உழைப்பு கூடுவது நல்லதே. புள்ளி கூடுவதையும் சர்க்கரை குறைவதையும் ஒன்றாகக் கொள்வதில்தான் தவறு நேர்கிறது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாகச் செயல்படுத்தப்படுகிறது. உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையாக அது வைத்துள்ளது. ஒப்புதலோ சட்டம் குறிப்பிடும் வேறு காரணமோ இன்றி அதைக் கையாளக்கூடாது. தம்மைப் பற்றிய தகவல் ஒரு நிறுவனத்திடம் உள்ளதா என்று கட்டணமின்றிக் கேட்டறியவும், தவறாக இருந்தால் திருத்தவோ நீக்கவோ கோரவும் எவருக்கும் அச்சட்டம் உரிமை தருகிறது. கடிகாரத்தை மாற்றுபவரும், திட்டத்திலிருந்து விலகுபவரும் பழைய இணைப்பைச் செயலியில் துண்டித்த பிறகு இந்தக் கோரிக்கையை எழுத்து வடிவில் அனுப்பலாம். நிறுவனம் பதில் தராவிட்டால் நாட்டின் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்திடம் முறையிடலாம்.